கோகுல்ராஜுக்கு ஒரு ஹெட்போன்

மேல்மலைப் போளூரிலிருந்து கொடைக்கானலுக்குப் போகும் காலை வண்டியில் பிச்சையம்மாள் ஜன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துணிப்பை. மகள் வீட்டுக்குப் பூண்டு. ஏறினவர்கள் எல்லாரும் மறக்காமல் கேட்டார்கள், “கோகுலு எப்பிடி இருக்கான்?” “இருக்கான்” என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினால் அழுகை வந்துவிடும். வண்டியில் அழுதால், வண்டி கவுஞ்சியைத் தாண்டுமுன் சேதி மன்னவனூருக்குப் போய்விடும். அந்த மலையில் வண்டியை விட வாய்தான் வேகம்.

போகிற சோலியைச் சொன்னாலும் ஒருத்தரும் நம்பப்போவதில்லை. பூண்டு பறிப்பு நடக்கிறது, ஆள் கிடைக்காமல் ஊரே அல்லாடுகிறது, அவள் ஹெட்போன் வாங்கப் போகிறாள். காலையில் புருஷன் ராமர்கூடக் கேட்டார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றபடி, உள்ளே மகன் படுத்திருந்த அறையைப் பார்க்காமல் கேட்டார். அந்த அறைக்குள் அவர் போவதே குறைந்துவிட்டது.

“அதக் காதுல மாட்டுனா எந்திரிச்சு நடந்துருவானா?”

“நடக்க மாட்டான். ஒரு வாய் சோறு திம்பான்.”

“ஏற்கெனவே வச்சிருந்ததுதான காதக் கெடுத்துச்சு.”

“அதனாலதான் நானே போயிப் பாத்து வாங்கிட்டு வாரேங்குறேன். நீங்க பறிக்கிற வேலையப் பாருங்க.”

ராமர் போய்விட்டார். கோபித்துக்கொண்டு போனாரா, அழுகையை மறைத்துக்கொண்டு போனாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. ரெண்டுக்கும் அவர் ஒரே நடைதான் நடப்பார்.

போன பனிக்காலத்தில் ஒரு விடியற்காலை, காட்டுமாடுகள் பூண்டுக்குள் இறங்கிவிட்டன என்று கோகுல்ராஜ் தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடினான். மேகம் தரையில் கிடந்தது. கையை நீட்டினால் கை தெரியாது. முன்னால் போன கூட்டத்தை விரட்டினவன், பக்கத்தில் ஒதுங்கி நின்ற ஒற்றை மாட்டைக் கவனிக்கவில்லை. அது தூக்கி எறிந்ததில் ரெண்டு பாத்தி கீழே வரப்பில் முதுகு அடிபட விழுந்தான். மதுரை பெரிய ஆஸ்பத்திரியில் உயிரைக் கொடுத்தார்கள். இடுப்புக்குக் கீழே உள்ளதைக் கொடுக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் அந்த விளையாட்டு பிடித்தது. போனில் நாலு பேர் ஒரு கட்சி. ஒரு தீவில் போய்க் குதிப்பார்கள், துப்பாக்கி பொறுக்குவார்கள், மற்ற கட்சிக்காரர்களைத் தேடித் தேடிச் சுடுவார்கள். மகன் தனியாகப் பேசுவதைக் கேட்டு முதலில் ஜுரத்தில் பிதற்றுகிறான் என்றுதான் பிச்சையம்மாள் நினைத்தாள். பிறகுதான் எதிர்ப்பக்கம் ஆட்கள் இருப்பது தெரிந்தது. வேடசந்தூர்ப் பக்கம் நூல்மில்லில் வேலை பார்க்கும் மயில்சாமி என்று ஒருவன், அவன்தான் தலைவன். பழனியில் படிக்கிற சண்முகப்பிரியா என்று ஒரு பெண். நாலாவது ஆள் அவ்வப்போது மாறும். யாரும் இவனை நேரில் பார்த்ததில்லை.

ஒருநாள் அடுப்படியில் நின்றிருந்தவள் காதில் விழுந்தது. “இப்பத்தாண்டா காட்டுலருந்து வாரேன், ஒரே ஓட்டமா ஏறி வந்தேன், மூச்சு வாங்குது” என்று மகன் சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லிவிட்டுச் சிரித்தான். பிச்சையம்மாள் கரண்டியோடு அப்படியே நின்றாள். அவர்களுக்குத் தெரியாது. அந்தத் தீவில் இவன் ஓடுகிறான், சுவர் ஏறிக் குதிக்கிறான், இவனைப் போல ஓட ஆளில்லை என்று அவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பொய்யைக் கேட்டு அவளுக்கு வந்த சந்தோஷத்துக்கும் வேதனைக்கும் அளவில்லை. அன்றைக்கு அவன் ரெண்டு தரம் சோறு கேட்டு வாங்கித் தின்றான்.

போளூர்க் குளிரில் நாள் முழுக்கக் காதுக்குள் இயர்போன் குமிழைச் செருகி வைத்திருந்ததில் காது சீழ் பிடித்தது. இனிமேல் காதுத் துளைக்குள் எதையும் வைக்கக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். சத்தமாக வைத்து விளையாடிப் பார்த்தான். எதிர்ப்பக்கத்தாருக்கு அவரவர் குரலே திரும்பிப் போய் இரைச்சலாகிறதாம், பேச்சை நிறுத்து என்றார்கள். பேசாமல் எப்படிக் கட்சி கட்டுவது? வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார்கள். அன்றைக்குச் சுவர்ப் பக்கம் திரும்பினவன்தான். களியை வைத்தால் களி ஆறிப்போகும், கஞ்சியை வைத்தால் ஆடை கட்டும். நேற்று சாயங்காலம் கண்ணைத் திறக்காமலே சொன்னான்.

“அம்மா, பூண்டுக்கு அடிக்கிற மருந்த எடுத்துப் பக்கத்துல வச்சிட்டுப் போ. நானா எந்திரிச்சு எடுக்க முடியாதுல்ல.”

சாவதற்குக்கூட ஆத்தாளிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது பிள்ளைக்கு. இருந்த மருந்து டப்பா எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய் அடுத்த வீட்டு வீரம்மாளிடம் கொடுத்துவிட்டு வந்தாள். வந்து மகளுக்குப் போன் போட்டாள்.

மகள் சுபஸ்ரீ கொடைக்கானலில் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷனில் இருக்கிறாள். ஒரு மணி நேரம் பெர்மிஷன் போட்டுவிட்டு மூஞ்சிக்கல் பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றாள். இருவரும் செல்போன் கடைக்குள் போனார்கள். கடைக்காரர் செந்தில்வேல் பழனிக்காரர். பஞ்சாமிர்தக் கடைக்காரர் ருசி பார்க்கக் கொடுக்கிற மாதிரி, வந்தவர்களை எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கவிடுவார்.

“யாருக்குங்கக்கா?”

“எம் மகனுக்கு. காதுக்குள்ள போற ஐட்டம் ஆகாது தம்பி. காதுமேல உக்கார்ற மாதிரி வேணும்.”

“பாட்டுக்கா, கேமுக்கா?”

“ரெண்டுக்கும். வெளையாடுவான். ஒறக்கம் வராதப்ப பாட்டுக் கேப்பான். ஒறக்கம் எங்க வருது.”

செந்தில்வேல் வயர் இல்லாத ஒன்றை எடுத்து வைத்தார். பிச்சையம்மாளுக்குக் கண்டவுடன் பிடித்துவிட்டது. ஏற்கெனவே அவன் மேல் ஒரு மூத்திர டியூப் ஓடுகிறது, இன்னொரு வயர் எதற்கு? ஆனால் அவரே தலையை ஆட்டினார்.

“பாட்டுக்கு மட்டும்னா இதத்தான் குடுப்பேன். கேம்னா சத்தம் துளி பிந்தி வரும். அங்க ஒருத்தன் சுட்டுருப்பான், சத்தம் இங்க வர்றதுக்குள்ள நம்ம ஆளு செத்துருப்பான்.”

பிச்சையம்மாள் முகம் வெளுத்துவிட்டது. “செத்துருவானா?”

“கேம்லக்கா” என்றார் அவர், பதறிப்போய்.

அடுத்தது வயர் வைத்தது. காதை அப்படியே மூடும் அகலமான மெத்தை. அவள் தலையில் மாட்டிவிட்டு, கடைப் போனில் விளையாட்டை ஓடவிட்டார். கடைத்தெருவின் ஆரன் சத்தமும் டூரிஸ்ட் கூச்சலும் கதவைச் சாத்தினதுபோல் நின்றன. காற்று வீசுவது கேட்டது. புல் நசுங்கியது. இடது தோளுக்குப் பின்னால் யாரோ நடந்து வந்தார்கள். பிச்சையம்மாள் வெடுக்கென்று திரும்பிப் பார்த்தாள். கண்ணாடி அலமாரிதான் இருந்தது.

“பின்னால ஆரோ வர்றாங்க தம்பி.”

“அதுக்காகத்தாங்கக்கா இந்த வெலை. எந்தப் பக்கம் காலடி கேக்குதுன்னு தெரிஞ்சாத்தான தப்பிக்க முடியும்?”

அந்த விடியற்காலையில் மேகத்துக்குள் ஓடினவனுக்கு, பக்கத்தில் நின்ற மாட்டின் காலடி இப்படிக் கேட்டிருந்தால் போதும். பிச்சையம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுபஸ்ரீயும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“இறுக்கம் எப்பிடி இருக்குக்கா?”

“இப்பக் கேட்டா? சுமை ஏத்துன ஒடனே கனம் தெரியுமா? கொஞ்ச நேரம் போட்டுட்டு இருக்கேன்.” ஸ்டூலில் உட்கார்ந்தாள். சற்று நேரம் கழித்துத் தயங்கித் தயங்கிக் கேட்டாள். “தம்பி, இந்த பெஞ்சுல செத்த நேரம் படுத்துக்கிடவா?”

“அம்மா” என்றாள் சுபஸ்ரீ.

“அவன் படுத்துக்கிட்டுத்தான புள்ள போடுவான்? உக்காந்து பாத்து என்ன தெரியும்?”

கொடைக்கானலுக்கு ஏரி பார்க்க வந்தவர்கள் அன்றைக்கு இதையும் பார்த்தார்கள். செல்போன் கடை பெஞ்சில், சேலையை இழுத்து மூடிக்கொண்டு, ஒரு பொம்பளை ஹெட்போன் மாட்டி மல்லாந்து கிடந்தாள். பிறகு இடது பக்கம் ஒருக்களித்தாள். பிறகு வலது பக்கம். புண் வராமலிருக்க மகனை எப்படியெல்லாம் திருப்பிப் போடுகிறாளோ அப்படியெல்லாம் திரும்பிப் பார்த்தாள். கடைக்காரர் எடுத்து எடுத்துக் கொடுத்ததில் ஒன்று காது மடலை மடக்கியது. ஒன்று உச்சந்தலையில் கடித்தது. ஒன்றின் கிண்ணம் பெஞ்சில் முட்டி மறு காதை விட்டு நழுவியது. சிரித்தவர்களைச் செந்தில்வேல் “உங்களுக்கு என்ன வேணும் சார்?” என்று அனுப்பிவைத்தார். கடைசியில் ஒன்று, கிண்ணம் தட்டையாக மடங்குவது, துணி மெத்தை வைத்தது, ஒருக்களித்தாலும் அசையாமல் நின்றது. அவளுக்குக் கிட்டத்தட்டத் தூக்கம் வந்துவிட்டது. எத்தனை மாதத் தூக்கமோ அது.

“இதான்” என்று எழுந்தாள். “இதுல பேசுனா அந்தப் பக்கம் நல்லாக் கேக்குமா? படுத்தே கெடக்கறதுனால அவன் கொரல் கம்மிப்போச்சு.”

“கொசு இருமுனாக்கூட கேக்கும்கா. பாருங்க.” சுபஸ்ரீயை ஒரு போனோடு தெருவுக்கு அனுப்பினார். இவள் மைக்கருகில் மெல்ல, “சுபா, சாப்ட்டியா?” என்றாள். தெருவில் நின்ற மகள் திரும்பித் தலையசைத்தாள். வயரில் பேச்சை அமத்துகிற பொத்தான் ஒன்று இருக்கிறது என்றும் அவர் காட்டினார். பேசத்தானே வாங்குகிறோம், அமத்துவானேன் என்று பிச்சையம்மாள் அதைக் கவனிக்கவில்லை.

கோகுல்ராஜ் பெட்டியைப் பிரித்துப் பார்த்தான். மாட்டினான். ஒரு பாட்டு முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். பிறகு அவளைப் பார்த்து, “வலிக்கலம்மா” என்றான். அன்று சாயங்காலமே மயில்சாமியிடம் பேசி மறுபடி சேர்ந்துவிட்டான். உருளைக்கிழங்கு வறுத்து வைத்தாள், தட்டு காலியாக வந்தது. ராமர் வாசலில் நின்று காலித் தட்டை எட்டிப் பார்த்தார்.

இப்படியே போயிருக்கலாம். ஆனால் போளூர்ப் பெண்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. ஆளுக்கொரு பாத்தியில் வேலை செய்கையில் மேகம் இறங்கிவிட்டால், ஒருத்தியை ஒருத்தி பார்க்க முடியாது. காட்டுமாடு எங்கே நிற்கிறதென்றும் தெரியாது. அதனால் நிறுத்தாமல் குரல் கொடுத்துக்கொண்டே வேலை செய்வார்கள். களைக்கொத்து எங்கே, காப்பித்தண்ணி வந்ததா, மருமகள் என்ன சொன்னாள், எல்லாம் சரிவுக்குச் சரிவு கேட்கும்படிதான் பேச்சு. அதில் பிச்சையம்மாள் குரல் எதிர்மலையில் பட்டுத் திரும்பும். அந்த மலையில் அது அவளுக்கு ஒரு காவல்.

ஒருநாள் பிற்பகல் பறிப்பிலிருந்து வந்தவள், விளையாடிக்கொண்டிருந்த மகனைப் பார்த்ததும் திடுக்கிட்டாள். மூத்திரப் பை நிறைந்து, மூடி கழன்று, போர்வை நனைந்து கிடந்தது. நனைந்தது அவனுக்குத் தெரியாது. தெரியும்படியான உடம்பா அது? “சாமி” என்றாள். கேட்கவில்லை. முன்பெல்லாம் ஒரு காதில்தான் குமிழ் இருக்கும், கூப்பிட்டால் திரும்புவான். இப்போது ரெண்டு காதும் அடைபட்டிருந்தது, அவள் தேடித் தேடி வாங்கின மெத்தையால். குனிந்து அவன் முகத்துக்கு நேரே, பாத்திக்குப் பாத்தி கூப்பிடும் குரலில் சொன்னாள்.

“மூத்திரப் பை நெறஞ்சு ஒழுகிருச்சுய்யா. இடுப்பெல்லாம் நனைஞ்சு கெடக்கு, ஒனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே. கால நான் தூக்கிப் போடுறேன், நீ கையூனி ஒரு பக்கமாச் சாயி.”

கோகுல்ராஜின் கை சட்டென்று வயரில் இருந்த பொத்தானுக்குப் போயிற்று. போய் அங்கேயே நின்றுவிட்டது. இனி அமத்தி என்ன ஆகப்போகிறது? கொசு இருமினால் கேட்கும் மைக். அவன் ஹெட்போனைக் கழற்றித் தலையணை மேல் வைத்தான். அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள்.

“கேட்டுருச்சாய்யா?”

“ம்.”

“எல்லாமா?”

“போர்வைய மாத்தும்மா. குளிரும்ல ஒனக்கு, கையி ஈரமாகுது” என்றான். அந்த நேரத்திலும் அவள் கையைப் பற்றித்தான் சொன்னான். பிச்சையம்மாள் நனைந்த துணியை அள்ளிக்கொண்டு கொல்லைக்குப் போய், தண்ணீர்த் தொட்டியருகில் உட்கார்ந்து தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

மறுநாள் மயில்சாமியே கூப்பிட்டான். கோகுல்ராஜ் மாட்டிக்கொண்டு விளையாடினான். அதற்கடுத்த நாளும் விளையாடினான். ஆனால் பேசவில்லை, சிரிக்கவில்லை. தட்டு நிறைந்தபடியே திரும்பி வந்தது. மூன்றாம் நாள் பாதி விளையாட்டில் ஹெட்போனைக் கழற்றி நெஞ்சின் மேல் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். போன் தலையணை மேல் தானாக ஓடிக்கொண்டிருந்தது. வெளியே மேகம் இறங்கி ஜன்னல் வெள்ளையாகிவிட்டிருந்தது.

“ஏய்யா, வெலக்கி வச்சுட்டாங்களா?”

“இல்லம்மா.”

“கேலி பண்றாங்களா?”

“பண்ணுனாத் தேவலையே. முந்தி நான் ஒரு தப்புப் பண்ணா மயில்சாமி என் வம்சத்தையே இழுத்துத் திட்டுவான். நானும் திட்டுவேன். இப்ப என்னமோ தம்பி, பாத்து, மெதுவாங்குறான். மருந்துப் பெட்டி கெடைச்சா மொதல்ல எனக்குத் தர்றாங்க. என்னைய நடுவுல விட்டுட்டுச் சுத்தி நின்னுக்கிறாங்க. நேத்து நான் குண்டடிபட்டு விழுந்தேன். விட்டுட்டு ஓடியிருந்தா ஜெயிச்சிருப்பாங்க. ஓடலம்மா. தூக்கிக்கிட்டுப் போறாங்க. அங்கயும் என்னையத் தூக்கிட்டுப் போறாங்கம்மா. அந்தப் பூண்டு மருந்து டப்பாவ எங்க வச்ச? எடுத்துக் குடுத்துரு. எனக்குப் போதும்.”

பிச்சையம்மாள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். காது வலித்தால் டாக்டரிடம் கூட்டிப் போகலாம். பொருள் கெட்டால் வேறு பொருள் வாங்கலாம். இதை எந்தக் கடையில் போய்க் கேட்பது? அவன் நெஞ்சின் மேல் கிடந்த ஹெட்போனிலிருந்து பூச்சி கத்துவதுபோல் மெல்லிய குரல்கள் வந்துகொண்டிருந்தன. அவள் அதை எடுத்தாள்.

“எதுக்கும்மா? குடு.”

கொடுக்கவில்லை. ஒரு எட்டு பின்னால் நகர்ந்தாள். அவனால் எட்டிப் பிடிக்க முடியாது என்று தெரிந்தேதான் நகர்ந்தாள், அதற்காக அவளே தன்னை வெறுத்தாள். தலையில் மாட்டினதும் ஒரு பையன் குரல் காதுக்குள்ளேயே பேசியது. “கோகுலு, நீ அசையாம இரு தம்பி. நாங்க வந்துட்டோம். ஒண்ணும் ஆகாது.”

“தம்பி, நான் கோகுலோட அம்மா பேசுறேன்” என்றாள். இம்முறை குரலை உயர்த்தவில்லை.

“யாரு, அம்மாவா?” என்றது அதே குரல்.

“மயில்சாமிங்கிறது நீதானய்யா? நல்லா இரு. அன்னைக்கு நான் கத்துனது ஒங்களுக்குக் கேட்டுருச்சு. அது எந் தப்பு. நீங்க நல்ல மனசோடதான் செய்றீங்க, எனக்குத் தெரியுது. ஆனா வேணாஞ் சாமி. அவனத் தாங்காதீங்க. இங்க நான் தாங்குறது பத்தாதா? இடுப்புக்குக் கீழதான் அவனுக்கு ஒண்ணுமில்ல. கையி இருக்கு, காது இருக்கு, வாயி இருக்கு. தப்புப் பண்ணா முந்தி எப்பிடித் திட்டுனியோ அப்பிடித் திட்டு. ஆத்தாள இழுத்துத் திட்டணுமா, திட்டு, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். அவன் விழுந்தா விட்டுட்டுப் போங்கய்யா. இல்லன்னா எம் புள்ள எனக்கு நெலைக்க மாட்டான்.”

“அம்மா” என்று கட்டிலில் இருந்து கத்தினான் கோகுல்ராஜ். அவளுக்கு அது தூரத்தில் கேட்டது. காதுக்குள் அந்தப் பெண் மூக்கை உறிஞ்சுவது கிட்டத்தில் கேட்டது. பிறகு மயில்சாமி தொண்டையைச் செருமினான்.

“சரிங்கம்மா. அவன்கிட்டக் குடுங்க.”

அவள் கழற்றி, மகனின் தலையில் தானே மாட்டினாள். சீழ் பிடித்த காதின் மடல் மடங்காமல் விரலால் எடுத்துவிட்டாள். அவன் தடுக்கவில்லை. கண்களில் தண்ணீர் நின்றது. இனி எதிர்ப்பக்கம் என்ன சொல்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. அந்த மெத்தை அப்படி. அவன் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முகம் கல்லாக இருந்தது. புருவம் ஒரு தரம் சுருங்கிற்று. பிறகு தாடை இறுகியது. போனை எடுத்தான்.

“எவன்டா எருமை? நீதான் எருமை” என்றான், கம்மின குரலில். “நான் நின்ன எடத்துல நின்னேன். ஒன்னைய யாரு வீட்டுக்குள்ள போகச் சொன்னது? … என்னது? என் கையி வெளங்காதா? இரு, ஒன் மில்லுக்கே வந்து ஒன்னையச் சுடுறேன்.” குரல் ஏறிக்கொண்டே போயிற்று. சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த தலை நேராகிவிட்டது. கட்டைவிரல் ரெண்டும் போன் கண்ணாடி மேல் தத்தின.

பிச்சையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பை மறுபடி நிறைந்திருந்தது. இப்போது எப்படிச் சொல்வது? ஒரு வார்த்தை பேசாமல் போர்வையை விலக்கி, மூடியை அழுத்திப் பிடித்து, டியூபைத் தொட்டாள். அவன் கீழே பார்த்தான். அவள் கையைப் பார்த்தான். பொத்தானுக்கு அவன் விரல் போகும் என்று அவள் காத்திருந்தாள். போகவில்லை.

“டேய், ஒரு நிமிசம் இருங்கடா” என்றான் கோகுல்ராஜ், மைக்கைத் தன் வாய்க்கு இழுத்துக்கொண்டு. “எங்கம்மா மூத்திரப் பைய மாத்துது. நான் வர்ற வரைக்கும் சாகாமக் கெடங்க.”